கெண்டைக்காலில் போட்ட ஊதாக் கோடு

போன மாதம் எங்கள் நர்சிங் பள்ளியில் பழைய மாணவிகளை எல்லாம் கூப்பிட்டிருந்தார்கள். எனக்கு ஒரு சால்வை போர்த்தி, முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். மேடையில் ஓர் இளம் டாக்டர் பேசினார். காலில் உறைந்த ரத்தக்கட்டி பிய்த்துக்கொண்டு, ரத்தத்தோடு ஓடிப்போய் நுரையீரலை அடைத்துக்கொள்ளும் நோயைப் பற்றிய பேச்சு. ஸ்கேன் எடுத்தால் அது எப்படித் தெரியும் என்று திரையில் படம் காட்டினார். நன்றாகத்தான் பேசினார். கடைசியில், "ஐம்பதுகள்ல எல்லாம் இதைக் கண்டுபிடிக்க வழியே கிடையாது, யாருக்கும் தெரியாது. ஹார்ட் நின்னுபோச்சுன்னு எழுதிட்டுப் போயிடுவாங்க" என்றார். கூட்டம் 'அச்சச்சோ' என்று பரிதாபப்பட்டது.

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. விழா மலர் அச்சடிக்கிறோம், பழைய நாட்களின் இனிய நினைவுகளை எழுதித் தாருங்கள் என்று பிறகு வந்து கேட்டார்கள். இனிய நினைவுகளை வேறு யாரிடமாவது வாங்கிக்கொள்ளட்டும். நான் எழுதப்போவது, யாருக்கும் தெரியாது என்று அந்தப் பிள்ளை சொன்னாரே, அதைப் பற்றி. தெரியும். எனக்குத் தெரியும். என்னைவிட நன்றாகத் தெரிந்த இன்னொருவரும் இருந்தார். அவருக்கு எப்போது தெரிந்தது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

என் அப்பா அஞ்சுகிராமத்தில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். சுதந்திரம் வந்த வருஷம் நான் நர்சிங் பயிற்சிக்குப் போனேன். ஊரில் பேசாத பேச்சில்லை. கண்டவன் காலையும் பிடித்துக் கழுவப் போகிறாளாம் என்றார்கள். கழுவினேன். மூன்று வருஷம் கழுவினேன், கட்டினேன், கொதிக்க வைத்தேன், ராத்திரியும் பகலும் நின்றேன். எங்களுக்குப் பாடம் எடுத்த மூத்த சிஸ்டர் கண்டிப்பானவர். அவர் சொன்னதில் ஒன்று மட்டும் இங்கே வேண்டும். "பிரசவத்துக்கு அப்புறமோ ஆபரேஷனுக்கு அப்புறமோ ஒரு கால் மட்டும் வீங்கினா, அந்தக் காலைத் தேய்க்காதே. உயர்த்தி வை. அசைக்காதே. டாக்டரைக் கூப்பிடு." இது பாடப்புத்தகத்திலும் அச்சாகி இருந்தது. யாருக்கும் தெரியாதாம்!

பயிற்சி முடிந்து நான் வேலைக்குச் சேர்ந்த ஆஸ்பத்திரியின் பெயரை எழுதப் போவதில்லை. அப்போது நாங்கள் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தோம், தமிழ்நாட்டோடு சேர்ந்திருக்கவில்லை. எனக்குப் பிரசவ வார்டு. எல்லாரும் 'பெரிய டாக்டர்' என்று சொல்லும் ஒருவர்தான் அங்கே தலைமை. வெள்ளை டிரில் பேன்ட், வெள்ளை ஷூ. சரியாக ஒன்பது மணிக்கு வார்டுக்குள் வருவார். கட்டிலின் கால்மாட்டுக் கம்பியைப் பென்சிலால் இரண்டு தட்டுத் தட்டுவார். அப்படித் தட்டினால் நர்ஸ் சார்ட்டை எடுத்து நீட்ட வேண்டும். அவர் கேட்டால் பதில் சொல்லலாம், கேட்காமல் வாயைத் திறக்கக்கூடாது. அவர் கை நல்ல கை என்பதை மறைக்கமாட்டேன். குறுக்கே கிடந்த எத்தனையோ குழந்தைகளைத் திருப்பி எடுத்த கை. காதுதான் கிடையாது.

அங்கே ஒரு சட்டம். ஆயுதம் போட்டுப் பிரசவமான பெண் பத்து நாள் கட்டிலை விட்டு இறங்கக்கூடாது. எல்லாம் படுத்த படுக்கையில்தான். வீட்டிலிருந்து துணைக்கு வரும் மாமியார்களும் ஒரு சட்டம் வைத்திருந்தார்கள். பேறு ஆன உடம்புக்குள் காற்று ஏறக்கூடாது, அதனால் காலைப் பின்னிப் போட்டுக்கொண்டு அசையாமல் கிடக்க வேண்டும். கஷாயத்திலும் குளியலிலும் தினம் சண்டை போடும் இங்கிலீஷ் வைத்தியமும் மாமியார் வைத்தியமும், பிள்ளை பெற்றவளை அசையவிடாமல் கிடத்துவதில் மட்டும் கைகோத்துக்கொண்டன. பத்து நாள் ஒரு காலின்மேல் இன்னொரு கால் கிடந்து அழுத்தினால் ரத்தம் எப்படி ஓடும்? பத்தாம் நாள் எழுந்து நாலடி வைத்ததும் சுருண்டு விழுந்து இறந்த பெண்கள் உண்டு. வார்டு ஆயா செல்லத்தாய் அதற்குப் 'பத்தாம் நாள் கண்டம்' என்று பெயரே வைத்திருந்தாள். ஒரு வியாதிக்கு ஆயா பெயர் வைக்கிற அளவுக்கு அது வந்துபோய்க்கொண்டிருந்தது.

கோமதி வந்தது அப்படி ஒரு சமயத்தில்தான். வயல் ஊர்ப் பெண். இருபது வயதிருக்கும், தலைப்பிரசவம். இரண்டு நாள் வலித்து, ஆயுதம் போட்டுப் பெண் குழந்தை பிறந்தது. புருஷன் பெயர் சிவதாணு, இரண்டு ஏர் உழவுக்காரன். துணைக்கு இருந்தது மாமியார் ஆவுடையம்மாள். இந்த அம்மாளுக்கும் எனக்கும் முதல் நாளிலிருந்தே ஆகாது. கஷாயப் பாத்திரத்தை முந்தானைக்குள் ஒளித்துக் கொண்டுவருவார். நான் பிடுங்கி வைப்பேன். "பேறு பாத்த கைய விட நேத்து வந்த கைக்கு வலு கூடுதலாக்கும்" என்று எனக்குக் கேட்கிற மாதிரியே முனகுவார். ஆனால் மருமகளுக்குத் தலைவாரி விடும்போது அந்தக் கை எவ்வளவு பைய நகரும் என்று பார்த்திருக்கிறேன்.

ஐந்தாம் நாள் காலையில் உடம்பு துடைத்துவிடும்போது கோமதி சொன்னாள். "சிஸ்டர், இந்த எடது காலு எனக்க காலு மாதிரியே இல்ல. கல்லு கெட்டித் தொங்கவிட்டது கணக்கா கெடக்கு."

தொட்டுப் பார்த்தேன். மற்றக் காலைவிடச் சூடு. பாதத்தைப் பிடித்து மேல்நோக்கி மடக்கினேன். கெண்டையில் வலி தாங்காமல் என் கையைப் பிடித்துக்கொண்டாள். காய்ச்சல் லேசாகத்தான் இருந்தது. ஆனால் சார்ட்டில் நாடித் துடிப்பைப் பார்த்தால் படிப்படியாக ஏறிக்கொண்டே போயிருந்தது. நேற்றைவிட இன்று கூடுதல், காலையைவிட மாலை கூடுதல். ஏணி சாத்தி வைத்த மாதிரி.

கண்ணால் பார்த்து வீக்கம் என்று சொன்னால் பெரிய டாக்டர் சிரிப்பார் என்று தெரியும். அதனால் தையல்காரர் வைத்திருக்கும் இஞ்சு டேப்பு ஒன்றை எடுத்தேன். முழங்காலின் முட்டுச்சிரட்டைக்குக் கீழே நாலு விரல் அளந்து, புண்ணுக்குப் போடும் ஊதா மருந்தைத் தொட்டு இரண்டு காலிலும் ஒவ்வொரு கோடு போட்டேன். கோடு எதற்கு என்றால், ஒரு விரல்கடை மேலேயோ கீழேயோ தள்ளி அளந்தால் கணக்கு மாறிப்போகும். தினம் அதே நேரத்தில், அதே கோட்டில், டேப்பு இறுகாமல் அளக்க வேண்டும். இடது கால் ஓர் இஞ்சு கூடுதல். மறுநாள் ஒன்றரை இஞ்சு. இரண்டையும் சார்ட்டின் அடியில் எழுதி வைத்தேன்.

இதுதான் அந்தக் காலத்து ஸ்கேன். ஒரு டேப்பு, ஒரு சொட்டு ஊதா மருந்து, பொறுமையாக எண்ணிய நாடி.

ஆறாம் நாள் ஒன்பது மணிக்குப் பென்சில் இரண்டு தட்டுத் தட்டியது. சார்ட்டை நீட்டினேன். அடியில் எழுதியிருந்ததைப் படித்தார். என்னைப் பார்த்தார்.

"இது என்ன அளவு? ஜாக்கெட் தைக்கப் போறியா?"

பின்னால் நின்ற சின்ன டாக்டர்கள் சிரித்தார்கள். நர்சுகளுக்குத் தலைவியான மேட்ரனும் சிரித்தார். நான், "சார், ஒரு கால் மட்டும் வீங்கிருக்கு, பல்ஸ் ஏறிட்டே போகுது" என்றேன். கேட்காமல் வாயைத் திறந்துவிட்டேன். பெரிய டாக்டர் கையை உயர்த்தி அவர்கள் சிரிப்பை நிறுத்தினார்.

"நர்ஸ் டெம்பரேச்சர் எழுதினா போதும். டயக்னோசிஸ் எழுத எனக்குத்தான் சம்பளம். படுத்தே கிடக்கா, கால் பிடிச்சிருக்கு, அவ்வளவுதான்." ஆர்டர் புத்தகத்தை வாங்கி, 'லினிமென்ட், இடது கால், இரண்டு வேளை அழுத்தித் தேய்க்கவும்' என்று இங்கிலீஷில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். காலைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

நான் தேய்க்கவில்லை. இரண்டு தலையணையை வைத்துக் காலை உயர்த்தி வைத்தேன். மேட்ரனிடம் போய்ப் பாடப்புத்தகத்தையே விரித்துக் காட்டினேன். அவர் பக்கத்தைப் பார்க்காமல் மூடிவிட்டு, "அவர் எழுதியாச்சுன்னா அதுதான் வேதம். உனக்கு வேலை வேணுமா வேண்டாமா?" என்றார்.

ஏழாம் நாள் வந்ததும் டாக்டர் முதலில் கேட்டது அதைத்தான். "தேச்சியா?" இல்லை சார் என்றேன். என்னை ஒன்றும் சொல்லவில்லை. திரும்பி, கட்டில் மறைவில் ஒதுங்கி நின்ற ஆவுடையம்மாளை விரலால் கூப்பிட்டார். "அம்மா, இந்தப் பிள்ளைக்குத் தேச்சா கை நோவுமாம். உங்க மருமக காலை நீங்களே நல்லா அழுத்தித் தேச்சு விடுங்க, சரியாயிரும்."

ஆவுடையம்மாளுக்கு அதைக் கேட்டதும் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டும். அதைத் தொடாதே, இதைக் கொடுக்காதே என்று ஏழு நாளாக விரட்டப்பட்டவர். இப்போது பெரிய டாக்டரே பெயர் சொல்லாத குறையாகக் கூப்பிட்டு ஒரு வேலை தந்துவிட்டார். லினிமென்ட் கைக்கு எரிகிறது என்று, வீட்டிலிருந்து தன் சொந்தத் தைலத்தை வரவழைத்துக்கொண்டார். தேய்ப்பதில் தேர்ந்த கை. நான் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அம்மா, வேண்டாம். உள்ள ரத்தம் கட்டியிருக்குன்னு நினைக்கேன். தேச்சா அது கிளம்பி நெஞ்சுக்குப் போயிரும்."

"பெரிய டாக்கிட்டரு தேயிங்காரு. நீ வேண்டாங்கா. நான் யாருக்க பேச்சக் கேக்க மக்கா?" கோபமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே கேட்டார். என் கை தானாகவே விட்டுவிட்டது.

எட்டாம் நாள் கோமதிக்கு விலாவில் ஒரு குத்து. மூச்சை உள்ளே இழுத்தால் குத்துகிறது என்றாள். எச்சில் கிண்ணத்தில் ரத்தம் நூல் மாதிரி ஓடியிருந்தது. கிண்ணத்தைக் கழுவாமல் மூடி வைத்துக் காட்டினேன். பெரிய டாக்டர் குழல் வைத்துக் கேட்டார். நெஞ்சு சுத்தம் என்றார். ஒன்பதாம் நாள் எக்ஸ்ரே எடுத்தார்கள். படமும் சுத்தம். இந்த நோயில் அப்படித்தான் இருக்கும். படத்தில் ஒன்றும் இல்லாமல் ஆள் மூச்சுக்குத் தவித்தால் அப்போதுதான் பயப்பட வேண்டும். அவரோ படம் சுத்தமாக இருந்ததில் சந்தோஷப்பட்டு, நிமோனியா வராமல் இருக்கப் பென்சிலின் எழுதினார். டேப்பு அளவு இரண்டே கால் இஞ்சு ஆகியிருந்தது. அந்த வரியின்மேல் அவருடைய பென்சில் ஒரு குறுக்குக் கோடு இழுத்துவிட்டுப் போனது.

பத்தாம் நாள் காலை பத்து மணிக்குச் சட்டப்படி கோமதி எழுந்தாள். குழந்தையைச் செல்லத்தாய் வாங்கிக்கொண்டாள். நான் ஒரு பக்கம், ஆவுடையம்மாள் ஒரு பக்கம். ஆறடி வைத்திருப்பாள். "சிஸ்டர், மூச்சு..." என்றாள். உதடு நீலமாகிவிட்டது. என் தோளிலேயே சாய்ந்தாள். ஆக்ஸிஜன் உருளையை உருட்டிக்கொண்டு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

இனிமேல் சொல்லப்போவதற்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். வராந்தாவில் சிவதாணுவும் ஊர்க்காரர்கள் ஏழெட்டுப் பேரும் நின்றார்கள். பெரிய டாக்டர் வந்தார். அவருக்குப் பின்னால் மேட்ரன், மேட்ரனுக்குப் பின்னால் நான். அவர் நிதானமாகச் சொன்னார்.

"நாட்டு எண்ணெயைப் போட்டுக் காலைத் தேச்சிருக்காங்க. கால்ல இருந்த ரத்தக்கட்டி கிளம்பி நுரையீரலை அடைச்சிட்டுது. நாங்க என்ன செய்ய முடியும்?"

கேட்டீர்களா? ஸ்கேன் இல்லை, மெஷின் இல்லை. ஒரே மூச்சில் துல்லியமாகக் கண்டுபிடித்துவிட்டார். ஐந்து நாளாக நான் கெஞ்சியபோது இல்லாத நோய், பழி போட ஆள் தேவைப்பட்டதும் வந்துவிட்டது.

ஆவுடையம்மாள் மகனைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். "பிள்ளே, நீ சொல்லு. அவியதானே தேய்க்கச் சொன்னாவ? நீயும் நின்னியே. சொல்லு மக்கா."

மேட்ரனின் கை என் முழங்கையைப் பிடித்தது. நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவ்வளவுதான். சார்ட்டில் எழுதத் தெரிந்தவளுக்கு வாயால் ஒரு வார்த்தை வரவில்லை. மறுநாள் பார்த்தால் ஆர்டர் புத்தகத்தில் தேய்க்கச் சொல்லி எழுதிய அந்தத் தாளையே காணோம்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லாவிட்டால் என் மனம் ஆறாது. இரண்டு வருஷம் கழித்துப் பெரிய டாக்டர் மெட்ராசில் ஒரு மாநாட்டுக்குப் போய்வந்தார். பிள்ளை பெற்றவள் மறுநாளே எழுந்து நடக்க வேண்டும், காலைப் பின்னக்கூடாது, ஒரு கால் வீங்கினால் தேய்க்கக்கூடாது என்று புதுச்சட்டம் போட்டார். ஊரே மெச்சியது, மாலைகூடப் போட்டார்கள். பூ எடுத்துக் கொடுத்த வரிசையில் நானும் நின்றேன்.

அதற்கெல்லாம் முன்னால், கோமதி இறந்து நாலைந்து மாதம் ஆகியிருக்கும். அதே ஊரிலிருந்து ஒரு பெண் பிரசவத்துக்கு வந்தாள். பேச்சுவாக்கில் ஆவுடையம்மாளைக் கேட்டேன்.

"அந்தக் கொலைகாரியையா கேக்கியோ? மருமவளத் தேச்சே கொன்னாளே! பிள்ளையத் தொட விடமாட்டோம். நாங்கதான் மாறி மாறிக் குளிப்பாட்டுகோம். அவ அடுப்படி முடுக்குல இருந்து பாத்துக்கிட்டு கெடப்பா."

அடுத்த லீவுக்கே பஸ் ஏறினேன். டேப்பைப் பையில் போட்டுக்கொண்டேன். எதற்கு என்று அப்போது தெரியவில்லை. போன நேரம் குழந்தைக்கு எண்ணெய் தேய்க்கும் நேரம். பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் முற்றத்தில் குழந்தையை வைத்துக்கொண்டிருந்தார்கள். ஆவுடையம்மாள் அடுப்படி வாசலில், இரண்டு கையையும் முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சிவதாணு மண்வெட்டியோடு வயலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான்.

உட்காரச் சொல்லும் முன்பே சொல்லிவிட்டேன், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. தேய்க்கச் சொல்லி எழுதியது பெரிய டாக்டர். நான் கண்ணால் பார்த்தேன். அம்மாவைக் கூப்பிட்டுத் தேய்க்கச் சொன்னதும் அவர்தான். அம்மாமேல் ஒரு குற்றமும் இல்லை.

சிவதாணு மண்வெட்டியைச் சுவரில் சாய்த்தான். பிறகு, "அவளக் குளிப்பாட்டும்போது ரெண்டு காலிலயும் ஊதாக் கோடு கெடந்துதுன்னு பொம்பளைய சொன்னாவ. எவ்வளவு தேச்சும் போவல்லையாம். அது என்னது?" என்றான்.

பையிலிருந்து டேப்பை எடுத்துக் காட்டினேன். தினம் அளந்ததைச் சொன்னேன். ஒன்று, ஒன்றரை, இரண்டே கால்.

"அப்பம் ஒங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"அண்ணைக்கே வராந்தாவுல எங்க அம்மை கேட்டாளே. அப்பம் சொல்லியிருந்தா என்ன, சிஸ்டர்?"

என்ன பதில் சொல்ல? வேலை போய்விடும் என்று பயந்தேன் என்றா? அதுதான் உண்மை. அதைக்கூட நான் சொல்லவில்லை. ஆவுடையம்மாள்தான் பேசினார். "லேய், அவள விடு. தேய்க்காதேன்னு எனக்க கையப் பிடிச்சது அவ ஒருத்திதான். நான்தான் கேக்கல்ல."

பக்கத்து வீட்டுப் பெண்கள் குழந்தையைத் தூக்கிவந்து அவர் மடியில் கிடத்தினார்கள். எண்ணெய்க் கிண்ணத்தையும் பக்கத்தில் வைத்தார்கள். அவர் கிண்ணத்தில் விரல் தோய்த்தார். குழந்தை காலை உதைத்துக்கொண்டு சிரித்தது. அந்தச் சின்னக் கெண்டைக்காலுக்குப் பக்கத்தில் கை போனது, அங்கேயே நின்றுவிட்டது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. எண்ணெய் விரல் நுனியிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

"எனக்கு ஏலல்ல மக்கா. நீயே தேச்சு விடு. நான் பாத்துக்கிட்டு இருக்கேன்."

தேய்த்துவிட்டேன். ஆவுடையம்மாள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் அங்கே சொன்னது ஆஸ்பத்திரிக்கும் எட்டி, சில நாளிலேயே மெமோ வந்தது. பிரசவ வார்டிலிருந்து புண் கட்டும் அறைக்கு மாற்றினார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை.

ஆகவே டாக்டர் தம்பி, உங்கள் ஸ்கேன் நல்லது, வாழட்டும். ஆனால் அந்தக் காலத்தில் யாருக்கும் தெரியாது என்று இன்னொரு மேடையில் சொல்லாதீர்கள். தெரிந்த ஒருத்தி வராந்தாவில் வாயை மூடிக்கொண்டு நின்றாள். அவள் இன்னும் உயிரோடுதான் இருக்கிறாள்.